ஹேக் நீதிமன்றத்துக்கு மனு: கையெழுத்துப் போடுவதில் பிரயோசனம் உண்டா?

கரைச்சிக்காரன்:
எங்கள் வாசிகசாலைக்குச் சில தம்பிமார் ஒரு படிவம் கொண்டுவந்தார்கள். இலங்கையைச் சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும் என்று தலைப்பு. கீழே பெயர், அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து. நான் போடவில்லை. அவர்களுக்கு என் மேல் கோபம். ஏன் போடவில்லை என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

2009 மே 18இல் எல்லாம் முடிந்தது. மே 27ஆம் திகதி ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை விசேட அமர்வு கூடி, இலங்கை அரசுக்குச் சாதகமான தீர்மானத்தை 29 வாக்குகளால் நிறைவேற்றியது. சீனா, ரஷ்யா, கியூபா எல்லாம் ஆதரவு. எல்லையில் சுட்டுக்கொள்ளும் இந்தியாவும் பாகிஸ்தானும் எங்கள் விஷயத்தில் ஒரே பக்கம். அந்த நேரம் நாங்கள் மெனிக் பாம் அகதி முகாமில், முள்ளுக்கம்பிக்கு உள்ளே, தண்ணீர் பவுசருக்குக் கானோடு வரிசையில் நின்றோம். இந்த உலகத்திடம் போய் நீதி கேட்டுக் கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை.

மாங்குளம் மாறன்:
அண்ணை, 2009ஐயே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். 2012இல் அதே பேரவையில் அதே இந்தியா இலங்கைக்கு எதிராக வாக்களித்ததே? 2015இல் ஐ.நா. விசாரணை அறிக்கை வந்தது. 2021இல் சாட்சியங்களைச் சேர்த்துப் பாதுகாக்கத் தனி அலகே போட்டார்கள். நகரவே இல்லை என்று எப்படிச் சொல்லலாம்?

கரைச்சிக்காரன்:
தம்பி, 2012இல் இந்தியாவுக்கு நியாயம் திடீரென்று பிடித்துவிட்டது என்றா நினைக்கிறீர்? கொழும்பு சீனாப் பக்கம் சாய்ந்ததும், தமிழ்நாட்டுக் கட்சிகள் டெல்லியை நெருக்கியதும்தான் காரணம். நெருக்கடி குறைந்ததும் 2014இலும் 2021இலும் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டார்கள். 2015இல் பேரவைத் தீர்மானத்துக்கு இலங்கையே இணை அனுசரணை கொடுத்து, வெளிநாட்டு நீதிபதிகளையும் சேர்ப்போம் என்றது. 2019இல் ஆட்சி மாறியதும், 2020இல் அதிலிருந்து விலகியது. இதற்குப் பெயர் நகர்வு என்றால் செக்குமாடும்தான் நகர்கிறது.

கறுப்புக்கோட்டு:
அரசியலைப் பிறகு பார்ப்போம். அந்த மனுவில் சட்டச் சிக்கல் ஒன்று இருக்கிறது.

ஹேக்கில் இருக்கும் இந்தச் சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் ரோம் சாசனம் என்ற சர்வதேச உடன்படிக்கையால் வந்தது. 2002 யூலையில் நடைமுறைக்கு வந்தது. இலங்கை அதில் உறுப்பு நாடல்ல. எங்கள் வழக்கு அங்கே போவதானால் பாதுகாப்புச் சபை பாரப்படுத்த வேண்டும், அல்லது இலங்கையே "எங்கள் மேல் நியாயாதிக்கம் (விசாரிக்கும் அதிகாரம்) உண்டு" என்று எழுதிக் கொடுக்க வேண்டும். உக்ரைன் உறுப்பினராகும் முன்பே அப்படிக் கொடுத்தது. கொழும்பு கொடுக்குமா என்று நான் சொல்லத் தேவையில்லை. பாதுகாப்புச் சபை 2005இல் டார்ஃபூரையும் 2011இல் லிபியாவையும் அனுப்பியது. 2014இல் சிரியாவை அனுப்பப் பார்த்தபோது ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ போட்டன. இதில் வேடிக்கை, அமெரிக்கா, ரஷ்யா, சீனா மூன்றுமே உறுப்பு நாடுகள் அல்ல. தாங்கள் ஏறாத நீதிமன்றத்துக்கு மற்றவனை அனுப்பவும் தடுக்கவும் அவர்களால் முடியும்.

இன்னொரு வழியையும் சிலர் கதைக்கிறார்கள். மியன்மார் உறுப்பு நாடல்ல, ஆனால் ரோகிங்கியாக்கள் துரத்தப்பட்டு வந்து சேர்ந்த பங்களாதேஷ் உறுப்பு நாடு. ஆகவே நாடுகடத்தல் என்ற குற்றத்தின் ஒரு பகுதி பங்களாதேஷ் மண்ணில் நடந்தது என்று 2018இல் நீதிபதிகள் சொன்னார்கள். 2019இல் விசாரணைக்கும் அனுமதி கொடுத்தார்கள். நல்ல வாதம். ஆனால் எங்கள் சனத்தில் கனபேர் படகேறிப் போய் இறங்கியது ராமேஸ்வரத்தில். இந்தியாவும் உறுப்பு நாடல்ல.

ஸ்காபரோ சிவம்:
கறுப்புக்கோட்டு, நீங்கள் சொல்வது எல்லாம் சரி, ஆனால் சனத்தைச் சோர்ந்து போகச் செய்கிறீர்கள். சேர்பியாவை ஆண்ட மிலோசெவிச்சை ஹேக்குக்கு அனுப்புவார்கள் என்று யார் நினைத்தது? 2001இல் அங்கே இருந்த யூகோஸ்லாவிய விசேட நீதிமன்றத்துக்கு அனுப்பினார்கள். பிலிப்பைன்ஸ் முன்னாள் ஜனாதிபதி டுடெர்டேயை 2025 மார்ச்சில் மணிலாவில் வைத்துப் பிடித்தார்கள். கனடா 2023இல் மகிந்தவுக்கும் கோட்டாபயவுக்கும் தடை போட்டது. பிரித்தானியா 2025இல் முன்னாள் இராணுவத் தளபதி சவேந்திர சில்வா உட்பட நான்கு பேருக்குப் போட்டது. இங்கே நாங்கள் பனிக்குள் நின்று கத்தியதால்தான் இதெல்லாம் நடந்தது.

கரைச்சிக்காரன்:
சிவம் அண்ணை, மிலோசெவிச்சைக் கொடுத்தது சேர்பியாவுக்கு அமெரிக்காவின் உதவிப்பணம் வேண்டியிருந்ததால். டுடெர்டே அகப்பட்டது அவருக்குப் பிறகு ஜனாதிபதியான மார்க்கோஸின் குடும்பத்துக்கும் அவர் குடும்பத்துக்கும் கூட்டு முறிந்ததால். சூடான் ஜனாதிபதி அல்-பஷீருக்கு 2009இல் பிடியாணை, 2015இல் தென்னாபிரிக்காவுக்கு வந்து விருந்துண்டு போனார். அதே மாதிரிப் பிடியாணை உள்ள புட்டின் 2024இல் மொங்கோலியா போனார், செங்கம்பளம் விரித்தார்கள். பிடியாணை உள்ள நெதன்யாகுவும் ஹங்கேரி போனார், ஹங்கேரி நீதிமன்றத்தை விட்டே விலகுகிறேன் என்றது. அந்த நீதிமன்ற வழக்குத்தொடுநர் மேலேயும் நீதிபதிகள் மேலேயும் அமெரிக்காவே தடை போட்டிருக்கிறது. நீதிபதிக்கே இந்தக் கதி.

மகிந்தவுக்குக் கனடா போக முடியாது, சரி. அவர் தன் ஊர் மெதமுலனவில் இருந்து ரொறன்ரோ பார்க்க ஆசைப்பட்டதாக நான் கேள்விப்படவில்லை.

மாங்குளம் மாறன்:
அப்போ உள்நாட்டு நீதிமன்றத்துக்குப் போவோமா? மிருசுவிலில் 2000ஆம் ஆண்டு எட்டுப் பேரைக் கொன்ற இராணுவச் சிப்பாய்க்கு 2015இல் மரணதண்டனை. 2020இல் ஜனாதிபதி பொதுமன்னிப்பு. அதிசயமாகத் தீர்ப்பு வந்த ஒரு வழக்கின் முடிவே இது.

ஒட்டுசுட்டான் கணேஸ்:
ஒருத்தரும் கதைக்காத ஒன்றை நான் கேட்கிறேன். நீதிமன்றம் வந்தால் எங்கள் பக்கத்தையும், புலிகளையும் கேட்குமே. மாத்தளனால் கடலேரிக்குள் இறங்கித் தப்பப் பார்த்த சனத்தின் மேல் வெடி வைத்தது யார்? பிள்ளை பிடித்தது யார்? 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று சொன்ன அதே 2011 ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை இதையும் எழுதியிருக்கிறது. படிவத்தில் இந்த வரியைக் காணோம்.

ஸ்காபரோ சிவம்:
இப்படி எழுதுவதற்கு உமக்கு யார் காசு தருகிறார்கள்?

ஒட்டுசுட்டான் கணேஸ்:
நீங்கள் பனிக்குள் நின்ற நேரம் நான் பங்கருக்குள் நின்றேன் அண்ணை. அவ்வளவுதான்.

முள்ளியவளையாள்:
கணேஸ் தம்பி கேட்டதில் என்ன பிழை? கேட்கட்டும். எங்கள் குடும்பத்திலும் பதினாறு வயதுப் பிள்ளையைக் கொண்டுபோனார்கள், தாய் மண்ணில் உருண்டு அழுதாள். அதைச் சொல்ல எனக்குப் பயமில்லை. அதைச் சொன்னால் என் அவரைப் பற்றிய கேள்வி இல்லாமல் போய்விடுமா?

அவரை வட்டுவாகல் பாலம் தாண்டியதும் இராணுவத்தார் பேருந்தில் ஏற்றினார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். சின்னவளுக்குப் பால்மா கரைக்கும் போத்தல் அவருடைய பையில் இருந்தது, அதை யன்னலால் எறிந்தார். பிடித்தேன். அதற்குப் பிறகு வந்த ஆணைக்குழுக்கள் எல்லாவற்றுக்கும் போனேன். ஒவ்வொன்றிலும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஓரிடத்தில், கதை முடிய முதலே மரணச் சான்றிதழ் எடுக்கிறீர்களா, கோழி வளர்க்க உதவி வேண்டுமா என்று கேட்டார்கள். நான் சொன்னதன் ஒரு பிரதிகூட என் கையில் இல்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கான போராட்டப் பந்தலில் என்னோடு இருந்த அம்மாமார் கனபேர் செத்துப் போனார்கள், அவர்கள் கண்டதும் அவர்களோடு போய்விட்டது.

நீங்கள் ஆண்கள் சீனா, ரஷ்யா என்று கதையுங்கள். சாட்சி சொல்ல ஆள் இருக்கும்போது என்ன செய்யலாம் என்று யாராவது சொல்லுங்கள்.

கறுப்புக்கோட்டு:
அக்கா, இதுதான் சரியான கேள்வி.

சாட் நாட்டின் ஹிசேன் ஹப்ரேயை உதாரணமாகப் பாருங்கள். ஆட்சியில் இருக்கும்போது அமெரிக்காவும் பிரான்ஸும் தூக்கிப் பிடித்த ஆள். 1990இல் விழுந்து செனகலுக்கு ஓடினார். சிறையில் தப்பியவர்கள் 2000இல் அங்கே வழக்குப் போட்டார்கள், நீதிமன்றம் தள்ளிவிட்டது. ஆனால் அவர்கள் அதற்கு முன்பே ஆள் ஆளாகச் சாட்சியம் எழுதி வைத்திருந்தார்கள். பிறகு, பாழடைந்து கிடந்த பழைய இரகசியப் பொலிஸ் கட்டடத்தில் கோப்புகள் குவியலாக அகப்பட்டன. செனகலில் ஆட்சி மாறியதும் விசேட நீதிமன்றம் வந்தது, 2016இல் ஆயுள்தண்டனை. கரைச்சிக்காரன் சொல்வது போல அதிகாரம் புரண்டதால்தான் கதவு திறந்தது. ஆனால் திறந்த அன்று கையில் கோப்பு இருந்தது.

சிரியாவை ஹேக்குக்கு அனுப்ப முடியவில்லை. ஆனால் ஜேர்மனியில் கொப்லென்ஸ் நீதிமன்றம் 2022இல் சிரிய உளவுத்துறை அதிகாரி அன்வர் ரஸ்லானுக்கு ஆயுள்தண்டனை கொடுத்தது. குற்றம் எங்கே நடந்தாலும் வேறொரு நாட்டு நீதிமன்றம் விசாரிக்கலாம், உலகளாவிய நியாயாதிக்கம் என்பது அதுதான். அதில் வீட்டோ கிடையாது. கையெழுத்துப் பட்டியலால் அந்த வழக்குக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. ஒரு பேருந்து, ஒரு திகதி, ஏற்றிய அதிகாரியின் தோளில் இருந்த பட்டி, இப்படி வேண்டும்.

அக்கா, ஒரு சத்தியக்கடதாசி, அதாவது சத்தியம் செய்து கையெழுத்திட்ட வாக்குமூலம், செய்யுங்கள். கண்டதை மட்டும் எழுதுங்கள், மற்றவர் சொன்னதைக் கலக்க வேண்டாம். போத்தல் கதையையும் எழுதுங்கள், எவ்வளவு தூரத்தில் நின்றீர்கள் என்பது அதில்தான் தெரியும். மூலப்பிரதி உங்களிடமே இருக்கட்டும்.

முள்ளியவளையாள்:
எங்கள் பக்கத்து சமாதான நீதவான் இந்த விஷயம் என்றால் கையெழுத்து வைக்கப் பயப்படுகிறார் தம்பி.

கறுப்புக்கோட்டு:
வவுனியாவில் சத்தியப்பிரமாண ஆணையாளர் முன்னால் செய்யலாம். அடையாள அட்டை மட்டும் கொண்டுவாருங்கள். தனிச்செய்தியில் நேரம் சொல்கிறேன்.

கரைச்சிக்காரன்:
சத்தியக்கடதாசி என்றால் நானும் வருகிறேன். படிவத்துக்கு இப்போதும் இல்லை.

சிவம் அண்ணை, உங்களிடம் ஒன்று. கனடாவில் போர்க்குற்றங்களுக்கு 2000ஆம் ஆண்டே தனிச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் ஒரு ருவாண்டாக்காரரை மொன்றியல் நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்த்தது 2009 மே 22இல், முள்ளிவாய்க்கால் முடிந்த அதே வாரம். அந்தச் சட்டத்தை எங்கள் விஷயத்தில் பாவிக்கச் சொல்லி உங்கள் தொகுதி எம்.பி.யிடம் கேட்டீர்களா?

ஸ்காபரோ சிவம்:
தடை பற்றித்தான் கேட்டோம். வழக்குப் பற்றிக் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை அவருடைய அலுவலகம் திறந்திருக்கும், நாலைந்து பேராகப் போய்க் கேட்கிறோம்.