மறு: வாட்டர் டிஸ்டிரிக்ட் – ‘நீர் மாவட்டம்’ பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம். நம் கலைச்சொல் தொகுப்புக்காக ‘வாட்டர் டிஸ்டிரிக்ட்’ (water district) என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். அதற்கு வந்த ஒரு கருத்து:

> டிஸ்டிரிக்ட் என்றால் மாவட்டம்தானே, ‘நீர் மாவட்டம்’ என்றே வைத்துவிடலாம்.

வேண்டாம். மாவட்டம் என்றதும் நம் மனத்தில் ஆட்சியர் அலுவலகம்தான் வந்து நிற்கும். அமெரிக்காவில் வாட்டர் டிஸ்டிரிக்ட் என்பது தண்ணீர் ஒன்றுக்காகவே சட்டப்படி அமைந்த உள்ளாட்சி. பல இடங்களில் அது வரி விதிக்கிறது. பக்கத்து நகராட்சியோடு செய்யும் உடன்படிக்கையில் தன் பெயரிலேயே கையெழுத்தும் இடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு: அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸ் எந்த நகராட்சிக்குள்ளும் வராத பகுதி. கிணறு இல்லாத நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு, ஸ்காட்ஸ்டேல் நகராட்சியின் குழாயில் நிரப்பிய லாரிகளே தண்ணீர் கொண்டுவந்தன. கொலராடோ ஆறு வற்றி வந்த நிலையில், 2023 ஜனவரி 1 முதல் அந்த லாரிகளுக்கு நகராட்சி தண்ணீரை நிறுத்திவிட்டது. மழைநீரை வாளியில் பிடித்துக் கழிப்பறைக்கு ஊற்றினார்கள். பாத்திரம் கழுவத் தண்ணீர் செலவாகுமென்று காகிதத் தட்டில் சாப்பிட்டார்கள். அவ்வாண்டின் நடுவில் மாநிலம் தனிச் சட்டம் இயற்றி, அவர்களுக்கென ஒரு தற்காலிக டிஸ்டிரிக்டுக்கு வழிசெய்தது. 2025 இறுதிவரை தண்ணீர் தர அதனோடுதான் ஸ்காட்ஸ்டேல் உடன்படிக்கை செய்துகொண்டது. கையெழுத்திட எதிர்ப்பக்கத்தில் ஓர் ஆட்சியமைப்பு தேவைப்பட்டது. நம் சொல்லில் அந்தத் தகுதி தெரிய வேண்டும்.

‘நீர் வாரியம்’ என்று இன்னொரு பரிந்துரையும் வந்தது, அது எனக்கும் பிடித்தது. உத்திரமேரூர்க் கல்வெட்டின் ஏரி வாரியத்தை யார் மறப்பார்கள்? ஆனால் ஏரி வாரியம் ஊர்ச்சபையின் ஓர் உறுப்பு, தனி ஆட்சி அன்று. இன்றோ வாரியம் என்றால் குடிநீர் வடிகால் வாரியம்போல் மாநில அரசின் கிளையாகவே படுகிறது.

என் பரிந்துரை ‘நீராயம்’. ஆயம் என்றால் கூட்டம். வரி என்ற பொருளும் உண்டு, ஆயத்துறை என்கிறோமே. ஓர் உள்ளாட்சிக்கு இரண்டும் வேண்டியவை. தீர்ப்பாயத்தோடு குழம்பும் என்பார்கள்; அங்கே வழக்கு என்ற பொருளைத் தருவது ‘தீர்ப்பு’ என்ற முன்சொல், ஆயம் அன்று.

நீராயமும் நகராட்சியும் தமக்குள் செய்துகொள்வதை ‘ஒப்பந்தம்’ என்றால் குழாய் பதிக்கும் ஒப்பந்ததாரர் நினைவுக்கு வருவார். ‘உள்ளாட்சியிடை உடன்படிக்கை’ எனலாம். நீளம்தான், இதைவிடக் குறுகிய சொல் எனக்குக் கிட்டவில்லை, யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். ‘நீர் மாவட்டம்’ மட்டும் தொகுப்பில் ஏறிவிட வேண்டாம்.