குதிகாலுக்கு ஊசியா, மாடிப்படியா?

விடியற்கால ஓட்டம்: எட்டு மாதமாகக் குதிகால் வலி. காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் முதல் பத்தடி சுவரைப் பிடித்துத்தான். கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் அக்கிலிஸ் தசைநாண் தடித்திருப்பதாக ஸ்கேனில் தெரிந்தது. பி.ஆர்.பி. ஊசி போட்டால் திசு புதிதாக வளருமாம். போடலாமா?

பிசியோ அண்ணாச்சி: உங்கள் ரத்தத்தையே சுழற்றி, தட்டணுக்களைப் பிரித்து ஏற்றுவதுதான் அது. 2010இல் நெதர்லாந்தில் 54 பேரில் ஒரு பாதிக்கு அதையும் மறுபாதிக்கு வெறும் உப்புநீரையும் ஏற்றினார்கள். 24 வாரம் கழித்து வித்தியாசமே இல்லை. 2021இல் பிரிட்டனில் 240 பேரிடம் பார்த்தபோதும் பலனில்லை. காசு மிச்சம்.

ஆய்வகக் கிளி: பி.ஆர்.பி.யைக் காட்டி, ஆய்வகத்தில் திசு வளர்க்கும் திசுப் பொறியியலையே குப்பையில் போடாதீர்கள் அண்ணாச்சி. அது வெறும் உரம். விதையாகச் செல் வேண்டும், அது பிடித்துப் படர இழைகளாலோ சவ்வாலோ ஆன பந்தல் வேண்டும். பிரான்ஸில் எர்னிகு என்ற மருத்துவர், தோள்பட்டைத் தசைநாண் தைத்தபோது 45 பேருக்கு எலும்பு மஜ்ஜைச் செல்களையும் சேர்த்து ஏற்றினார். 10 ஆண்டு கழித்து 87% பேருக்குத் தைத்த இடம் பிரியவில்லை. ஏற்றாதவர்களில் 44%தான்.

பிசியோ அண்ணாச்சி: யாருக்கு ஏற்றுவது என்று குலுக்கிப்போட்டுப் பிரித்த ஆய்வா அது? இல்லை. பந்தல் கதையையும் சொல்லுங்களேன். 2006இல் அமெரிக்காவில் அதே தோள்பட்டைத் தையலில் பன்றிக் குடல் சவ்வை ஒட்டுப் போட்ட 15 பேரில் 4 பேருக்குத்தான் ஒழுங்காகக் கூடியது. ஒட்டே போடாத 15 பேரில் 9 பேருக்கு!

ஆய்வகக் கிளி: அது தோல்விதான், மறுக்கவில்லை. அதனால்தான் இப்போது இழைகளை ஒரே திசையில் நூற்றுப் பந்தல் போடுகிறார்கள். செல்களும் அதே திசையில் நீள்கின்றன. 2013இல் டென்மார்க் குழு ஒன்று, அணுகுண்டு சோதனைகளால் காற்றில் கூடிய கார்பன்-14ஐ வைத்துத் திசுவின் வயதைக் கணக்குப் போட்டது. அக்கிலிஸின் நடுப்பகுதி 17 வயதுக்குப் பிறகு அநேகமாகப் புதுப்பிக்கப்படுவதே இல்லை. அறுந்து ஆறினாலும் தழும்புத் திசுதான். தானாக வளராததை வேறு எப்படி வளர்ப்பது?

பிசியோ அண்ணாச்சி: லேப்பில் வளர்த்துக்கொள்ளுங்கள், யார் வேண்டாம் என்றது? தம்பிக்கு நாளைக் காலையில் என்ன செய்வது என்று தெரிய வேண்டும். படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து, நல்ல காலால் எழும்பி, வலிக்கிற காலால் மெதுவாக இறங்குங்கள். முழங்காலை நீட்டி 15 முறை, 3 சுற்று. மடக்கி அதே அளவு. காலையும் மாலையும், 12 வாரம். ஸ்வீடன் மருத்துவர் ஆல்ஃப்ரெட்சன் 1998இல் சொன்னது.

ஆய்வகக் கிளி: இதில் சண்டையில்லை. லேப்பிலும் செல்களை இழுத்து இழுத்துத்தான் வளர்க்கிறோம். 12 வாரம் செய்தும் வலி போகாதவர்களுக்கு?

பிசியோ அண்ணாச்சி: அவர்களுக்கும் குலுக்கிப்போட்டு ஆய்வு செய்துவிட்டு வாருங்கள்.

விடியற்கால ஓட்டம்: ஒரு நாளைக்கு 180 முறையா! சரி. எங்கள் மாடிப்படிக்குக் கைப்பிடியே இல்லை, முதலில் அதற்கு ஆளைக் கூப்பிடுகிறேன்.