புதுப்பிப்பு: பண்டல் ஆப்ஜெக்ட்களும் ஃப்ளைவெயிட் முறையும்

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றுக்காக எழுதிவரும் ஜாவா நிரலில், கட்டிங் முடிந்த துணித்துண்டுகளின் ஒவ்வொரு கட்டுக்கும், அதாவது பண்டலுக்கும், ஓர் ஆப்ஜெக்ட் உருவாவதால் மெமரி நிரம்பிவிடுகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். பல ஆப்ஜெக்ட்களுக்குப் பொதுவான தரவை ஒருமுறை மட்டும் வைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஃப்ளைவெயிட் முறையைப் பரிந்துரைத்த நண்பர்களுக்கு மனமார்ந்த நன்றி. அது நன்றாகவே பலன் தந்தது.

ஸ்டைல், நிறம், சைஸ், துணியின் ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் எடை) ஆகியவை ஏராளமான பண்டல்களுக்குப் பொதுவானவை என்பதால், அவற்றைத் தனி ஆப்ஜெக்டாகப் பிரித்து, ஆப்ஜெக்ட்களை உருவாக்கித் தரும் ஃபேக்டரி வகுப்பிலுள்ள ஹாஷ்மேப்பில் (விவரத்தைக் கொடுத்தால் உரியதைத் தேடித்தரும் அட்டவணை) வைத்தேன். நேவி புளூ, எக்ஸ்எல், 180 ஜிஎஸ்எம் என்று கேட்டால் ஏற்கெனவே இருப்பதையே அது தரும்; இல்லையெனில் மட்டுமே புதிதாக உருவாக்கும். பண்டல் எண், உருப்படிகளின் எண்ணிக்கை, எந்த லைனில் தைக்கப்படுகிறது என்ற விவரம் ஆகியவை பண்டலிடமே இருக்கின்றன. பொதுவானதைச் சுட்டும் ரெஃபரன்ஸுக்கு, ஆப்ஜெக்ட்கள் தங்கும் மெமரிப் பகுதியான ஹீப் 32 ஜிபிக்குள் இருக்கும்வரை, வழக்கமாக 4 பைட் போதும்.

பகிரப்படும் வகுப்பின் புலங்கள் அனைத்தும் ஃபைனலாக (ஒருமுறை மதிப்பிட்டபின் மாற்ற முடியாதவையாக) இருப்பது மிக முக்கியம். செக்கிங்கில் ஒரு பண்டலின் ஷேடு வேறென்று தெரிந்தால், புதிய ஷேடுக்குரிய ஆப்ஜெக்டை ஃபேக்டரியிடம் கேட்டு வாங்க வேண்டுமே தவிர, பகிர்ந்திருப்பதைத் திருத்தக் கூடாது. திருத்தினால் அதைச் சுட்டும் எல்லாப் பண்டல்களின் ஷேடும் சேர்ந்தே மாறிவிடும்.

முடிந்துபோன ஆர்டர்களின் ஸ்டைல்கள் இன்னும் மேப்பிலேயே தங்கிவிடுகின்றன. அவற்றை விடுவிக்க அடுத்து, வேறெதுவும் சுட்டாத ஆப்ஜெக்டை ஜாவா நீக்குவதற்குத் தடையாக இல்லாத வீக் ரெஃபரன்ஸை முயலவிருக்கிறேன்.