7800 எக்ஸ்டி கிராஃபிக்ஸ் கார்டுக்கு எந்த பவர் சப்ளை? முத்தியால்பேட்டை, பழைய வீடு

கேள்வி:
ரைசன் 5 7600 ப்ராசஸர், ஆர்எக்ஸ் 7800 எக்ஸ்டி கார்டு, ஒரு எஸ்எஸ்டி, ஒரு ஹார்டு டிஸ்க். கடையில "750 வாட் கேமிங்"னு ஒன்னு 2,800 ரூபாய்க்குத் தர்றாங்க. பேர் தெரிஞ்ச கம்பெனியோட கோல்டு முத்திரை மாடல்னா மூணு மடங்கு விலை. வித்தியாசம் எங்க இருக்கு? வீட்டு இன்வெர்ட்டர் போதுமா? இப்போ இருக்கிற கேபினெட்டைத் தொட்டா லேசா சுர்ருங்குது, அது எதனால?

பதில் 1:
பெட்டியில போட்டிருக்கிற வாட்டை விடுங்க ப்ரோ, பக்கவாட்டு லேபிள்ல 12 வோல்ட் கட்டத்தைப் பாருங்க. நிஜமான 750-னா அங்க 62 ஆம்பியர் கிட்ட இருக்கும். 28 ஆம்பியர்னு இருந்தா, 12 × 28, கைக்கு வர்றது 336 வாட்தான்.

உங்க கார்டு 263 வாட், ப்ராசஸர் உச்சத்துல 88, மத்ததெல்லாம் சேர்த்து 70 வைங்க. சுமார் 420. ஏஎம்டி சொல்றது 700, நல்ல 750 தாராளம். 1000 வாட் வாங்கச் சொன்னா காசு தண்டம். ஆனா கார்டு ரொம்பக் குறைஞ்ச நேரத்துக்கு திடீர்னு அதிகமா இழுக்கும். மட்டமான சப்ளைன்னா ப்ளூ ஸ்கிரீன்கூட வராது, கேம் நடுவுல பட்டுனு அணைஞ்சிடும். அதனால அந்தத் திடீர் இழுப்பைத் தாங்கற ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1 தர மாடலாப் பாருங்க.

80 ப்ளஸ் கோல்டு முத்திரை மின் சிக்கனத்துக்கு மட்டும்தான். ரிப்பிள் (வெளிய வர்ற வோல்ட்ல இருக்கிற சின்ன ஏற்ற இறக்கம்), பாதுகாப்பு எதையும் அது சொல்லாது. அதுக்கு ரிவ்யூ படிக்கணும். வாரண்டி வருஷத்தையும் பாருங்க. சீசானிக் ஃபோகஸ் ஜிஎக்ஸ், கோர்சேர் ஆர்எம்எக்ஸ் ரெண்டுக்கும் 10 வருஷம். கார்டுல ரெண்டு 8-பின் பவர் சாக்கெட் இருந்தா ரெண்டு தனி கேபிள் போடுங்க, ஒரே கேபிளோட ரெட்டை வாலை மாட்டாதீங்க.

பதில் 2:
சுர்ருங்கறது பெரும்பாலும் எர்த் சரியா இல்லாததால. சப்ளைக்குள்ள இருக்கிற ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியா கசியற மின்சாரம் எர்த்துக்குப் போக வழியில்லாம கேபினெட்ல நிக்குது. எத்தனை விலை உயர்ந்த சப்ளை போட்டாலும் இது போகாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல அளக்கச் சொல்லுங்க, 2, 3 வோல்ட்டுக்குள்ள இருக்கணும். கடலோரத்துல எர்த் கம்பி உப்புல அரிச்சுப் போறது சகஜம், குழியைத் திறந்து கிளாம்ப்பையும் பார்க்கச் சொல்லுங்க.

இன்வெர்ட்டர் ப்யூர் சைன்வேவா (லைன் கரண்ட் மாதிரியே சீரான அலை தர்றதா), பின்னாடி யுபிஎஸ் மோடு சுவிட்ச் இருக்கான்னு பாருங்க. கரண்ட் போனா நல்ல சப்ளை தாங்கறது 16 மில்லி விநாடி அளவுக்குத்தான். சாதா மோடுல மாற அதைவிட நேரமாகும், சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆயிடும். தனி யுபிஎஸ்னா 600 விஏ வேண்டாம், அது பெரும்பாலும் 360 வாட்தான். மானிட்டரோட உங்க லோடு 500 வரும், 1000 விஏ-க்குக் குறையாம வாங்குங்க.

கேபினெட்டைத் தரையில வைக்காதீங்க. சப்ளை அடியில இருக்கிற மாடல்ல தண்ணி முதல்ல அங்கதான் ஏறும். 2024 ஃபெஞ்சல் புயல் மழையைப் பார்த்த ஊருக்கு இதுக்கு மேல சொல்லணுமா?

கேட்டவர்:
நன்றி அண்ணா. பழைய மாடுலர் சப்ளையோட (கேபிளைத் தனியாக் கழட்டற வகை) சாட்டா கேபிள், அதாவது டிஸ்க்குக்குப் பவர் தர்றது, நீளமா இருக்கு, அதையே புதுசுல மாட்டலாமா?

பதில் 1:
கூடவே கூடாது. டிஸ்க் பக்கம்தான் எல்லாருக்கும் ஒரே அமைப்பு. சப்ளை பக்கம் கம்பெனிக்குக் கம்பெனி, ஒரே கம்பெனியிலயே மாடலுக்கு மாடல் பின் மாறும். மாட்டினா கச்சிதமா உட்காரும், ஆனா 5 வோல்ட் போக வேண்டிய இடத்துல 12 போயி எஸ்எஸ்டி, ஹார்டு டிஸ்க் ரெண்டும் கருகிடும். புதுப் பெட்டியில வர்ற கேபிள் மட்டும். நீளம் பத்தலைன்னா டிஸ்க் பக்கம் சாட்டா எக்ஸ்டென்ஷன் போட்டுக்கலாம்.