முற்றத்துத் தொட்டிக்கு எவ்வளவு ஆழம் வேண்டும்?

கேள்வி (கானாடுகாத்தான்):
எங்கள் பழைய வீட்டின் இரண்டாங்கட்டு முற்றத்தில், ஓட்டுக்கூரையிலிருந்து விழும் மழைநீரைச் சேர்க்க, 8 அடி நீளமும் 5 அடி அகலமும் கொண்ட செவ்வகத் தொட்டியைத் தரைக்கடியில் கட்ட எண்ணியுள்ளோம். அது 5,000 லிட்டர் கொள்ள எவ்வளவு ஆழம் வேண்டும்? கொத்தனார் ஆறடி என்கிறார், கணக்கைக் காட்டவில்லை.

பதில் 1 (காரைக்குடி):
நீளம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்கினால் கன அளவு. ஆகவே கன அளவை அடிப்பரப்பால் வகுத்தால் ஆழம் கிடைத்துவிடும். ஒரு கன அடிக்கு ஏறத்தாழ 28.32 லிட்டர் என்பதால், 5,000 லிட்டருக்கு 176.6 கன அடி தேவை. அதை 40 சதுர அடியால் வகுத்தால் 4.41 அடி, அதாவது 4 அடி 5 அங்குலம்.

பதில் 2 (தேவகோட்டை):
ஐயா, 8க்கு 5 என்பது உள்ளளவா, குழியின் அளவா? குழியின் அளவெனில், நாற்புறமும் 9 அங்குலச் சுவர் எழுந்தபின் உள்ளே எஞ்சுவது 6.5க்கு 3.5, அதாவது 22.75 சதுர அடியே. அப்போது ஏழே முக்கால் அடி ஆழம் வேண்டும். கொத்தனாரின் ஆறடியில் 3,900 லிட்டர்கூட நிற்காது.

கேட்டவர்:
குழியின் அளவைத்தான் எழுதிவிட்டேன், ஐயா. குழியை 9.5க்கு 6.5 அடியாக அகலப்படுத்தச் சொல்கிறேன்.

பதில் 2:
நல்லது. மிஞ்சும் நீரை வெளியேற்றும் வழிகுழாய்க்கு மேல் நீர் நில்லாது. 4 அடி 5 அங்குலத்தைத் தளப்பூச்சிலிருந்து அக்குழாயின் அடிவிளிம்பு வரை அளக்கவும்.