அப்பாவின் சிபாப் கருவிக்கு 300 வாட் ஹவர் பவர் ஸ்டேஷன் போதுமா?

கேள்வி: அப்பாவைக் காரில் வால்பாறைக்குக் கூட்டிப் போகிறேன். தூக்கத்தில் மூச்சு அடைபடாமல் முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தும் சிபாப் கருவியை மாட்டாமல் அவரால் தூங்க முடியாது. மழை பிடித்தால் அங்கே கரண்ட் போய்விடுமாம். பவர் ஸ்டேஷன், அதாவது பிளக் வைத்த பெரிய பேட்டரிப் பெட்டி, ஒரு ராத்திரி தாங்குமா?

பதில்: தாங்கும் சார், காற்றுக்கு ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபையரை மட்டும் அணைத்துவிடுங்கள். சார்ஜைக் குடிப்பது தண்ணீரைச் சூடாக்கும் அந்தத் தட்டுதான். அம்மாவுக்கு நான் இப்படித்தான் ஓட்டுகிறேன். அப்புறம், ஏசி பிளக்கில் போடாதீர்கள். பேட்டரியின் டிசியை இன்வெர்ட்டர் 230 வோல்ட் ஏசியாக்கும், அடாப்டர் அதைத் திரும்ப டிசியாக்கும். இரண்டு இடத்திலும் நஷ்டம். கருவிக்கென்றே விற்கும் டிசி கேபிளை வாங்கி பவர் ஸ்டேஷனிலேயே இருக்கும் 12 வோல்ட் கார் சாக்கெட்டில் செருகுங்கள். அம்மாவுடையது 30 வாட்டுக்குள் நிற்கிறது, பவர் ஸ்டேஷன் திரையிலேயே தெரியும். எட்டு மணி நேரத்துக்கு 240 வாட் ஹவர், உங்கள் 300க்குள் அடங்கிவிடும். கிளம்பும் முன் வீட்டில் ஒரு ராத்திரி ஓட்டிப் பாருங்கள். ஹியூமிடிஃபையர் இல்லாமல் அப்பாவுக்குத் தொண்டை வறளுமா என்றும் தெரிந்துவிடும்.

கேட்டவர்: ரொம்ப நன்றிங்க. விமானத்தில் இந்தப் பவர் ஸ்டேஷனையே கொண்டு போகலாமா?

இன்னொருவர்: முடியாதுங்க. பேட்டரி 100 வாட் ஹவர் வரை என்றால் கைப்பையில் வைக்கலாம். 160 வரை விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அதற்கு மேல் கைப்பையிலும் கூடாது, செக்-இன் பெட்டியிலும் கூடாது.