மணியோடு ஒரு ஏப்ரல்: ஆர்.வி.யில் நாயோடு போனபோது சந்தித்தவர்கள்

ராலேயிலிருந்து

எங்கள் மணிக்கு அப்போது பதினொரு வயது. லாப்ரடார் கலப்பு, 32 கிலோ, இடுப்பு மூட்டு தேய்ந்திருந்தது. கணவருக்கு வட கரோலினாவின் ராலேக்கு வேலை மாற்றல் என்றதும் எனக்கு வீட்டைப் பற்றிக்கூடக் கவலை வரவில்லை. இவனை எப்படிக் கூட்டிப்போவது என்பதுதான் முதல் கவலை. இந்த எடைக்கு விமானத்தில் நம் காலடியில் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். சரக்கோடு அனுப்ப மனம் ஒப்பவில்லை. அதனால் 25 அடி கிளாஸ் சி ஆர்.வி. ஒன்றை, அதாவது படுக்கை, சமையலறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டி ஒன்றை, ஒருவழி வாடகைக்கு எடுத்தோம். ஏப்ரல் முதல் வாரம் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டிலிருந்து கிளம்பி, பார்ஸ்டோவில் 40-ஆம் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலையைப் பிடித்துவிட்டால் அப்புறம் நேரே கிழக்குதான்.

ஏப்ரல் என்று முடிவு செய்ததும் அவனுக்காகத்தான். தள்ளிப்போட்டால் மொஹாவி பாலைவனத்து வெயிலை அவன் தாங்கமாட்டான். ஆனால் குளிரும் எங்களை விட்டுவிடவில்லை. அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃப் கிட்டத்தட்ட 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. ராத்திரி பனி பெய்து, காலையில் தண்ணீர்க் குழாய் கட்டை மாதிரி உறைந்து கிடந்தது. அன்றிலிருந்து குளிர் இரவுகளில் தொட்டியை முன்கூட்டியே நிரப்பிவிட்டுக் குழாயைக் கழற்றி உள்ளே எடுத்துவைத்தோம்.

நாயோடு போகிறவர்களுக்குத் தேசியப் பூங்காக்கள் பெரும்பாலும் பாதிதான் திறந்திருக்கும். வாகனம் நிறுத்துமிடம், முகாம், தார்ச்சாலை, அவ்வளவுதான், நடைபாதைகளில் விடமாட்டார்கள். கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பில் ஆறடி வாரோடு விளிம்பின் மேல் நடக்கலாம், கீழே இறங்கக் கூடாது. மணிக்கு அதுவே போதும். காற்றில் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றான்.

அதே அரிசோனாவில் இருக்கும் பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் தேசியப் பூங்கா வேறு மாதிரி. அங்கே வாரோடு எல்லா நடைபாதைகளிலும் நாய் வரலாம். மரங்கள் கல்லாகி இருபது கோடி வருடத்துக்கும் மேலாகிறது. தெற்குக் கோடியில் அருங்காட்சியகத்துக்குப் பின்னால் இருக்கும் ஜயன்ட் லாக்ஸ் பாதையில், எழுபது வயதிருக்கும் ஒரு அம்மா எங்களைப் பார்த்துவிட்டு நின்றார். தொடலாமா என்று கேட்டார். தலையலங்காரம், நல்ல உடை, எதையும் பார்க்காமல் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். மணி போய் அவர் மடியில் தலை வைத்தான். அவருடைய நாய் பிப்ரவரியில் இறந்துவிட்டதாம். பதினான்கு வருடம் இருவருமாக இதே பாதைக்கு வந்திருக்கிறார்கள், இப்போதுதான் முதல்முறையாகத் தனியாக வருகிறார். பெயர் என்ன என்றார். சொன்னேன். அர்த்தம் கேட்டார். கோயிலில் அடிக்கிற மணி, மாட்டின் கழுத்தில் கட்டுகிற மணி என்றேன். இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தார். கிளம்பும்போது காரிலிருந்து ஒரு பழைய கம்பளியை எடுத்துவந்து, "இது இவனுக்கு இருக்கட்டும்" என்று என் கையில் கொடுத்தார். பத்து வருடம் இந்த நாட்டில் இருந்தும், முன்பின் தெரியாத ஒருவர் என்னிடம் இப்படித் துக்கத்தைச் சொன்னதில்லை. மணி கூட இல்லாவிட்டால் அவர் "ஹலோ" சொல்லிவிட்டுப் போயிருப்பார்.

இனி டெக்சஸின் அமரில்லோவில் நடந்ததைச் சொல்கிறேன். இதை எழுதவே இந்த இணைய இழைக்கு வந்தேன்.

ஊருக்கு வெளியே ஒரு ஆர்.வி. பார்க்கில் 30 ஆம்ப் மின் இணைப்பு எடுத்து நின்றிருந்தோம். வெளியே 80 டிகிரி ஃபாரன்ஹீட். ஏசியைப் போட்டு, மணிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, மளிகை வாங்க டாக்சியில் போனோம். ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடலாம் என்றுதான் போனோம். நாற்பது நிமிடத்தில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. "உங்கள் பக்கத்து வண்டிக்காரன் பேசுகிறேன். உங்கள் ஏசி சத்தம் நின்றுவிட்டது, நாய் உள்ளே இருக்கிறதா?"

வெளியே 70 டிகிரி இருந்தாலே பூட்டிய காருக்குள் அரை மணியில் நூறைத் தாண்டிவிடும் என்று படித்திருக்கிறேன். ஆர்.வி. கார் அளவுக்கு வேகமாகச் சூடாகாது, ஆனால் அதுவும் தகரப் பெட்டிதான். என் கை நடுங்கியதில் என் கணவர்தான் போனை வாங்கிப் பேசினார்.

பக்கத்து வண்டித் தாத்தா மின்கம்பத்துப் பெட்டியைத் திறந்து, விழுந்திருந்த பிரேக்கரை (சுமை கூடினால் தானாக அணைந்துவிடும் சுவிட்சை) தூக்கிவிட்டிருக்கிறார். ஏசி ஓடியது. பத்து நிமிடத்தில் மறுபடி விழுந்தது. மறுபடி தூக்கிவிட்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, எங்கள் வண்டியின் நிழலில் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியாக மணியோடு பேசிக்கொண்டு, ஒரு கை பிரேக்கர் பெட்டிமேல். உள்ளே போனால் மணி வாலை ஆட்டிக்கொண்டு வருகிறான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

காரணத்தை அவரே கண்டுபிடித்தார். 30 ஆம்ப் என்றால் 120 வோல்ட்டில் மொத்தம் 3,600 வாட்தான். கூரை ஏசி ஓடும்போதே அதில் பாதிக்கு நெருக்கமாக இழுக்கும். வெந்நீர்க் கொதிகலனை மின்சாரத்தில் விட்டுவிட்டுப் போயிருந்தோம், அது இன்னும் 12 ஆம்ப். குளிர்பெட்டியும் பேட்டரி சார்ஜரும் சேர்ந்துகொள்ள, அந்தப் பழைய பிரேக்கர் தாங்கவில்லை. "நாயை விட்டுப் போகும்போது கொதிகலனையும் குளிர்பெட்டியையும் புரொப்பேன் எரிவாயுவுக்கு மாற்றிவிடு, கரண்ட் ஏசிக்கு மட்டும்" என்றார்.

அவரும் மனைவியும் மிச்சிகன்காரர்கள். குளிர்காலம் முழுக்க அரிசோனாவில் இருந்துவிட்டு ஏப்ரலில் வடக்கே திரும்புகிறார்கள். அன்று ராத்திரி தக்காளி ரசமும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்து கொண்டுபோய்க் கொடுத்தேன். பாட்டி ரசத்தைக் கோப்பையில் ஊற்றி டீ மாதிரி குடித்தார், இரண்டு முறை.

நாஷ்வில்லிலிருந்து

அக்கா, படித்து முடிக்கும்வரை எனக்கு மூச்சே வரவில்லை. நாங்கள் அதே 40-இல் எதிர்ப்பக்கம் போனவர்கள். எங்களோடு வந்தவள் செல்லம்மா, பீகிள் இன நாய்.

ஒக்லஹோமாவில் சாலிசா பக்கம் தங்கிய இரவில் போன் அலறியது, டொர்னாடோ என்கிற சுழல்காற்று எச்சரிக்கை. அங்கே எச்சரிக்கையெல்லாம் கவுன்டி (நம் மாவட்டம் மாதிரி) பெயரில்தான் வரும். வழிப்போக்கனுக்குத் தான் எந்தக் கவுன்டியில் நிற்கிறோம் என்று எப்படித் தெரியும்? நல்லவேளை, மாலையில் இடம் கொடுத்த அம்மா ஒரு துண்டுச் சீட்டில் "செக்வோயா கவுன்டி" என்று எழுதி, "இதைக் குளிர்பெட்டியில் ஒட்டிவை, இந்தப் பெயர் கேட்டால் குளியலறைக் கட்டடத்துக்கு ஓடு" என்று சொல்லியிருந்தார். 'வாட்ச்' என்றால் வர வாய்ப்பிருக்கிறது, 'வார்னிங்' என்றால் உடனே ஒதுங்கு என்பதையும் அவர்தான் பிரித்துச் சொன்னார். ஆர்.வி.க்குள் இருப்பது எந்தச் சுழல்காற்றுக்கும் பாதுகாப்பில்லை.

அந்தக் கான்கிரீட் அறைக்குள் பதினெட்டுப் பேர், ஏழு நாய்கள், கூடையில் ஒரு பூனை. ஒரு நாயும் குரைக்கவில்லை. செல்லம்மாவுக்கு நடுக்கம். பக்கத்திலிருந்த லாரி ஓட்டுநர் தன் ஜாக்கெட்டைக் கழற்றி அவளைச் சுற்றிவிட்டார். முக்கால் மணி நேரம் கழித்து ஆலங்கட்டி மழையோடு போய்விட்டது.

ஃபீனிக்ஸிலிருந்து

வசந்தத்தில் அரிசோனா வருகிறவர்களுக்கு ஒன்று. 'சோயா' (cholla) என்றொரு கள்ளி இருக்கிறது. லேசாக உரசினாலே துண்டு கழன்று ஒட்டிக்கொள்ளும். எங்கள் நாயின் மூக்கில் ஒட்டியபோது நான் கையால் இழுக்கப் போனேன். எதிரே வந்த பெண் கத்தித் தடுத்து, தன் பையிலிருந்து அகலப் பல் சீப்பை எடுத்து, துண்டுக்கும் தோலுக்கும் நடுவில் விட்டு ஒரே தட்டில் தெறிக்கவிட்டார். மிச்ச முள்ளை இடுக்கியால் எடுத்தோம். சீப்பை எனக்கே கொடுத்துவிட்டுப் போனார், இன்னும் வண்டியில் இருக்கிறது. பாம்புகளும் வெளியே வரும் பருவம் என்பதால் பாதையை விட்டு இறங்கவிடாதீர்கள்.

அக்கா, ஒரு சந்தேகம். அந்தத் தாத்தாவுக்கு உங்கள் எண் எப்படிக் கிடைத்தது?

ராலேயிலிருந்து

ஜன்னலில் ஒட்டியிருந்தேன் தம்பி. கிளம்புவதற்கு முந்தின ராத்திரி என் மகள் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்த தாள் அது. அமரில்லோவுக்கு அப்புறம், சூடு ஏறினால் போனுக்குச் செய்தி அனுப்பும் கருவியும் வாங்கிவிட்டோம். வைஃபை இல்லாமல் சிம்மில் ஓடுவது, கரண்ட் போனாலும் வேலை செய்யும். ஆனாலும் தாளை எடுக்கவில்லை. எல்லாரும் எழுதிக்கொள்ளலாம், ஆங்கிலத்தில் இப்படித்தான் எழுதியிருந்தாள்: "உள்ளே நாய் இருக்கிறது. பெயர் மணி, வயதானவன், கடிக்கமாட்டான். ஏசி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். சத்தம் கேட்கவில்லை என்றால் தயவுசெய்து இந்த எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள்."